ஸ்டேட்டஸை எடுக்கச் சொன்னேன்

"கொன்னது தப்புதான்க்கா. நான் இல்லங்கல. ஆனா எனக்கு வருத்தம் வரலைன்னா அதுக்கு நான் என்ன பண்றது?"

கேப் பெங்களூரு சில்க் போர்டைத் தாண்டும்போது என் டீம் பெண் ஒருத்தி கேட்டாள். அமெரிக்காவில் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு இன்சூரன்ஸ் அதிகாரியைப் பற்றி அவள் போட்டிருந்த ஸ்டேட்டஸ்தான் பேச்சு. எனக்குப் பதில் வராமல் இல்லை, உடனே வந்தது. "வரலைன்னா விடு. ஸ்டேட்டஸை மட்டும் எடு" என்றேன். ஒரு டீம் லீடர் அந்த நேரத்தில் வேறென்ன சொல்ல முடியும்? அதுவும் முன்சீட்டில் செக்யூரிட்டி உட்கார்ந்திருக்க, டிரைவருக்கும் தமிழ் நன்றாகவே புரியும் என்ற நிலையில். எடுத்துவிட்டாள். விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும்.

அந்த வாரத்தைப் பற்றி, இன்சூரன்ஸ் க்ளெய்ம் பார்க்கும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பர் 4, அமெரிக்க மருத்துவ இன்சூரன்ஸ் கம்பெனியான யுனைடெட் ஹெல்த்கேரின் தலைமை அதிகாரி பிரையன் தாம்ப்சனை மன்ஹாட்டனில் ஒரு ஹோட்டல் வாசலில் சுட்டுக் கொன்றார்கள். அங்கே காலை 6.45, இங்கே மாலை 5.15, நாங்கள் ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரம். தோட்டா உறைகளில் எழுதியிருந்த டிலே, டினை, டிபோஸ் (இழுத்தடி, மறு, பதவியிலிருந்து இறக்கு) என்ற சொற்கள் அடுத்த நாளே எங்கள் ஃப்ளோர் முழுக்கப் பரவிவிட்டன. எங்கள் க்ளையன்ட் அந்தக் கம்பெனி இல்லை. ஆனால் வேலை அதே வேலைதான். அமெரிக்காவிலிருந்து வரும் க்ளெய்மைத் திறந்து பார்த்து, முன் அனுமதி வாங்கவில்லையா, மறுப்புக் கோடு நம்பர் 197. மருத்துவ ரீதியாக அவசியமில்லையா, 50. கெடு தாண்டிவிட்டதா, 29. அந்த நம்பரைப் போட்டு அனுப்பிவிட்டு அடுத்ததைத் திறப்போம்.

அவள் ஸ்டேட்டஸ் இதுதான்: "டினையல் கோடு 197. முன் அனுமதி இல்லாமல் உள்ளே வந்த தோட்டாவுக்குப் பணம் தர இயலாது." பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பினார்கள். பார்த்ததும் சிரித்தேன். அப்புறம்தான் பயம் வந்தது. இதைப் பற்றி யாரும் எங்கும் எழுதக் கூடாது, எழுதினால் தெரிவிக்க வேண்டும் என்று க்ளையன்டிடமிருந்து மெயில் வந்திருந்தது. அமெரிக்காவிலேயே அந்தக் கம்பெனியின் இரங்கல் பதிவுக்குக் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் சிரிப்புக் குறி போட்டிருந்தார்கள். அவர்களை யாரும் வேலையை விட்டு எடுக்கப் போவதில்லை. இவள் மூன்றாம் பார்ட்டி பேரோலில் இருக்கிற கான்ட்ராக்ட் பெண். ஒரு மெயில் போதும்.

அவள் அப்பா கதை எனக்கு முன்பே தெரியும். கிருஷ்ணகிரி பக்கம் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை. 2023இல் ஓசூரில் பைபாஸ் செய்தார்கள். பாலிசி எடுத்து நாலாவது வருடம், பிரீமியம் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அட்மிஷன் அன்று ட்யூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில், எட்டு வருடமாகச் சுகர் என்று ஒரு வரி எழுதினார். அவ்வளவுதான். பாலிசி எடுக்கும்போது நோயை மறைத்துவிட்டார் என்று க்ளெய்மை மறுத்ததோடு பாலிசியையும் ரத்து செய்தார்கள். படிவத்தை நிரப்பியது ஏஜென்ட். "சுகரெல்லாம் போட வேணாம்ணே, பிரீமியம் ஏறும்" என்று அவர்தான் சொன்னாராம். அது காகிதத்தில் எங்கே இருக்கிறது? பழைய நோயைச் சொல்லவில்லை என்று காரணம் காட்டி மறுக்க முடியாத நிலை வர அப்போது பாலிசி எட்டு வருடம் ஓடியிருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் அதை ஐந்தாகக் குறைத்தார்கள். நாலு வருடக்காரருக்கு இரண்டுமே உதவாது.

இனி என் கதை. என் அம்மாவுக்கு இருபது வருடத்துக்கு மேலாகச் சுகர், பிரஷரும் உண்டு. நான் கம்பெனி ரோலில் இருப்பதால் குரூப் பாலிசியில் சேர்த்திருக்கிறேன். அதில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கவர். முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் அன்று பில் அப்ரூவல் இழுத்தது. மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அந்த வருடம்தான் சொல்லியிருந்தது. சொன்னால் ஆகிவிடுமா? ஹெச்ஆர் கொடுத்திருந்த புரோக்கர் நம்பருக்கு ஒரு போன் போட்டேன். ஆகிவிட்டது. அந்த மகிழ்ச்சியில் டீமுக்கு மைசூர்பா வாங்கிப் போனேன். அவளும் எடுத்துக்கொண்டாள்.

அதனால்தான் கேபில் அவள் அடுத்துக் கேட்டது இன்னும் இறங்காமல் நிற்கிறது. "உங்கம்மாவுக்கு ரிஜெக்ட் ஆகியிருந்தா நீங்க என்னக்கா பண்ணியிருப்பீங்க?"

"அப்பீல் போட்டிருப்பேன்" என்றேன். "உங்கப்பாவும் இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கிற ஒம்பட்ஸ்மேன்கிட்ட போயிருக்கலாமே. ஒரு வருஷம் டைம் இருக்கு, காசும் கட்ட வேணாம்."

அவள் சிரித்தாள். "அப்பீல் எத்தனை பேர் போடறாங்கன்னு நமக்குத் தெரியாதாக்கா?"

தெரியும். அந்தக் க்யூவும் எங்கள் ஃப்ளோரில்தான் இருக்கிறது. அடுத்த மாதம், சுகாதாரக் கொள்கையை ஆராயும் கேஎஃப்எஃப் என்ற அமெரிக்க அமைப்பின் கணக்கு வந்தது. அமெரிக்க அரசின் ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில் பாலிசி விற்கும் கம்பெனிகள், 2023இல் நெட்வொர்க் மருத்துவமனைகளிலிருந்தும் டாக்டர்களிடமிருந்தும் வந்த க்ளெய்ம்களில் 19 சதவீதத்தை மறுத்திருக்கின்றன. அப்படி மறுத்தவற்றில் அப்பீலுக்குப் போனது ஒரு சதவீதம்கூட இல்லை. அங்கேயே அப்படி. பைபாஸ் முடிந்து படுத்திருக்கிறவர், கடையை அடமானம் வைத்தவர், ஒம்பட்ஸ்மேனின் சென்னை ஆபீசுக்கு எழுதிக்கொண்டிருப்பாரா? ஆனால் ஒன்று, என் யோசனை சரியான யோசனைதான். ஆன்லைனிலேயே போட்டிருக்கலாம். இதை நான் சொன்னபோது கெடு முடிந்திருந்ததா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்போது எனக்கும் கோபம் வந்தது. மூன்று வாரம் முன்னால் இதே பெண் அழுததைப் பார்த்திருக்கிறேன். நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒரு அம்மாவின் மகன் டாக்டரைக் கத்தியால் குத்தினானே, அந்தச் செய்திக்கு. டாக்டர் பிழைத்துவிட்டார். இவள் அக்கா அரசு மருத்துவமனையில் நர்ஸ். "அந்த டாக்டருக்கு அழுதே, தாம்ப்சனும் ரெண்டு பிள்ளைக்கு அப்பாதானே?" என்று கேட்டேன்.

"அவர் தொட்டுப் பார்த்து வைத்தியம் பண்றவர். இவர் யாரைத் தொட்டார்?"

கேபில் இதற்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு தோன்றியது. நாமும்தான் யாரையும் தொட்டதில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏசியில் உட்கார்ந்து 50 என்று போட்ட கையில் அவள் கையும் உண்டு, என் கையும் உண்டு. அந்தக் கணக்கில் போனால் தோட்டா எந்த மாடியில் நிற்கும்? விதி க்ளையன்டுடையது, நாங்கள் வெறும் விரல் என்று சொல்லிக்கொள்ளலாம். தாம்ப்சனுக்கும் மேலே பங்குதாரர்கள் இருந்தார்களே, அவரும் அதையே சொல்லியிருக்கலாம்.

கைதான இளைஞர் யாரென்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் வசதியாகவே இருந்தது. பால்டிமோரில் வசதியான குடும்பம், தனியார் பள்ளி, பென்சில்வேனியா பல்கலைக்கழகம். அந்தக் கம்பெனியின் பாலிசிகூட அவருக்கு இருந்ததில்லையாம். குற்றத்தை மறுத்திருக்கிறார், அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். செத்தவரோ ஐயோவாவில் ஒரு சின்ன ஊரில் வளர்ந்தவர். "பாத்தியா, க்ளெய்ம் மறுக்கப்பட்டவன் யாரும் சுடலை. அவனுக்கு ஏது நேரம்? கோபப்படவும் கையில் காசு வேணும்" என்று அவளிடம் சொன்னேன். நல்லாச் சொன்னோம் என்றுகூட நினைத்தேன். "கிண்டியில குத்துனவன் பணக்காரனாக்கா?" என்றாள். இல்லை. அங்கே இன்சூரன்ஸும் இல்லை, அரசு மருத்துவமனை. என் தத்துவம் ஓசூர் ரோடுகூடத் தாண்டவில்லை.

ஒருவேளை இங்கே கோபம் மேலே ஏறாது, கையில் கிடைத்தவர்மேல் விழும் என்பது உண்மையாக இருக்கலாம். ட்யூட்டி டாக்டர், நர்ஸ், கேஷ் கவுன்டர் பெண், இன்சூரன்ஸ் பில் பார்க்கும் டிபிஏ டெஸ்க் பையன். மேலே இருக்கிறவர் முகம் யாருக்குத் தெரியும்? அதற்காக மேலே ஏறினால் பரவாயில்லை என்று சொல்லிவிட முடியுமா? நான் சொல்ல மாட்டேன். என் அம்மாவின் பில் பாஸாகிவிட்டது என்பதால் மட்டும் சொல்ல மாட்டேனா என்பதுதான் தெரியவில்லை. அவளும் அப்படிச் சொல்லவில்லை, அதையும் எழுத வேண்டும். வருத்தம் வரவில்லை என்றுதான் சொன்னாள்.

மார்ச்சில் கான்ட்ராக்ட் முடிந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள். அங்கே அப்பா அம்மாவுக்குக் கவர் உண்டாம், கேட்டுத்தான் சேர்ந்தாளாம். ஸ்டேட்டஸ் விஷயத்தை நான் யாரிடமும் கொண்டுபோகவில்லை. அவளைக் காப்பாற்றினேன் என்று சில நாள் தோன்றும். டீமில் வம்பு வேண்டாம் என்று என்னைக் காப்பாற்றிக்கொண்டேன் என்று சில நாள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் கணவர், "க்ளையன்ட் நேரா பேரைக் கேட்டிருந்தா குடுத்திருப்பியா?" என்றார். கேட்கவில்லை, கொடுக்கவில்லை என்றேன். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும். வீட்டுக் கடன் என் சம்பளத்தில்தான் போகிறது என்பதும் தெரியும்.