கழற்றாமல் விட்ட கயிறு

திருகோணமலையில் நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் போகும் படகுகளுக்கு ஒரு பதிவு மென்பொருள். உவர்மலையில் ஒரு சின்ன அலுவலகத்தில் இருந்து அதைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிக்கொண்டிருந்தேன். ‘பயணம்’ ஒரு கிளாஸ், அதாவது ஒரே வகைப் பொருள்களை வார்க்கும் அச்சு; ‘கடல்நிலை’ இன்னொன்று. காற்று மாறினால் கடல்நிலை பயணங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்காக ஒவ்வொரு பயணமும் உருவாகும்போதே கடல்நிலை வைத்திருக்கும் பட்டியலில் தன்னைச் சேர்த்துக்கொள்ளும்.

மாரியில் ஒரு குறையும் தெரியவில்லை. மே மாதம் கடல் அடங்கிப் பயணிகள் வரத் தொடங்கியதும் சர்வரில் மெமரி நாளுக்கு நாள் ஏறியது. முடிந்த பயணங்களை டெல் என்ற கட்டளை போட்டு நீக்கிக்கொண்டுதான் இருந்தேன். வேண்டாத பொருள்களை மெமரியிலிருந்து அகற்றும் பைத்தானின் குப்பை சேகரிப்பானை நானே ஓடவிட்டும் பார்த்தேன். குறையவில்லை.

பக்கத்து மேசை அண்ணாவிடம் காட்டினேன். “தம்பி, டெல் பெயரைத்தான் அழிக்கும், பொருளை இல்லை. ஜெட்டியில் படகை இரண்டு கயிற்றால் கட்டியிருந்தால், ஒன்றை அவிழ்த்ததும் போய்விடுமா?” என்றார்.

சரி, மற்றக் கயிறு எங்கே? ஒரு பொருளை எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்று எண்ணும் சிஸ்.கெட்ரெஃப்கவுண்ட் போட்டேன். பொருளின் பெயருக்கு ஒன்று, கேட்பதற்காகப் பொருளைக் கொடுக்கும்போதே இன்னொன்று கூடும், ஆகவே 2 வர வேண்டும். வந்தது 3. எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று அது சொல்லும், யார் என்று சொல்லாது. அப்புறம், பிடித்திருப்பது யார் என்று காட்டும் ஜிசி.கெட்_ரெஃபரர்ஸ். கடல்நிலையின் பட்டியல் வந்து நின்றது. காலையில் போய் மத்தியானம் திரும்பிய பயணங்கள் அத்தனையும் அதற்குள் இருந்தன. அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

சேகரிப்பான் மேல் பிழை இல்லை. 2000இல் வெளியான பைத்தான் 2.0 முதல் இருக்கும் அது, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து யாரும் எட்ட முடியாமல் கிடக்கும் பொருள்களைத்தான் அகற்றும். என் பட்டியலோ உயிரோடு இருந்தது.

முதலில் பயணத்தின் ‘எச்சரி’ மெத்தடை, அதாவது காற்று மாறினால் கடல்நிலை கூப்பிடும் செயலை, வீக்ரெஃப்பில் வைத்தேன்; அது பொருளைச் சுட்டும், ஆனால் இறுகப் பிடிக்காது. வைத்த கையோடு இல்லாமல் போனது. பயணம்.எச்சரி என்று எழுதும் ஒவ்வொரு முறையும் பைத்தான் புதிதாக ஒரு மெத்தட் பொருளை உருவாக்குகிறது, அதை யாரும் பிடித்திருப்பதில்லை. மெத்தடுகளுக்கென்றே வீக்மெத்தட் என்று ஒன்று இருக்கிறது. நான் பயணத்தையே, உள்ளே இருப்பதை இறுகப் பிடிக்காத தொகுப்பான வீக்செட்டில் வைத்தேன். மெமரி அடங்கியது.

அதற்காக எல்லா இடத்திலும் வீக்ரெஃப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பொருளுக்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும். அன்றைய அட்டவணை பயணத்தை இறுகப் பிடித்திருக்கட்டும். கடல்நிலைக்கு அந்த உரிமை இல்லை.