வடசென்னையில் ஒரு மில் தொழிலாளியைத் தேடி: குறிப்புகள்

பிப்ரவரி 2, 2026

பழைய ஆவணங்களில் தேடப்படுபவர் பின்னி மில் தொழிலாளி, புளியந்தோப்புக்காரர். கையில் இருப்பது ஒரு ஜாதகத் தாள் மட்டும்: ‘ரக்தாட்சி வருஷம், தை மாதம்’. தேதி இருந்த இடத்தைப் பூச்சி அரித்துவிட்டது. கிழமையும் நட்சத்திரமும் பிழைத்திருக்கின்றன.

ரக்தாட்சி என்றதும் 1924 என்று குறித்துவிடுவது வழக்கம். வருஷம் சித்திரையில் பிறக்கிறது; தை வருவதற்குள் ஆங்கில ஆண்டு மாறிவிடும். எனவே 1925 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. தை, மாசி, பங்குனி மூன்றுக்கும் இந்தக் கணக்குதான். ஒரு மாதத்தில் ஒரு நட்சத்திரம் பெரும்பாலும் ஒரு முறைதான் வரும் என்பதால், அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தில் நாளைப் பிடித்துவிடலாம். கிழமை அதற்குச் சாட்சி.

பிப்ரவரி 4

மாநகராட்சிப் பிறப்புப் பதிவேடு. பழைய பதிவுகளில் பல இடங்களில் குழந்தையின் பெயரே இருக்காது. ‘ஆண்’ என்று மட்டும் இருக்கும். பெயரை வைத்துத் தேடினால் ‘பதிவு இல்லை’ என்றே பதில் வரும். அப்பா பெயர், தெரு, முன்னும் பின்னும் இரண்டிரண்டு வருடம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முனுசாமி என்ற பெயர் ஒரு தாளில் முனிசாமி, இன்னொன்றில் முனுஸ்வாமி. ஆங்கிலத்தில் எழுதிய பதிவேடு என்றால் இன்னும் நாலு விதம். எழுதக்கூடிய எல்லா எழுத்துக்கூட்டலையும் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது.

பிப்ரவரி 9

2002, 2005 வாக்காளர் பட்டியல்கள். இவர் அதற்கு முன்பே இறந்தவர். ஆனாலும் மனைவி பெயருக்கு எதிரே ‘கணவர்’ என்றும், மகன் பெயருக்கு எதிரே ‘தந்தை’ என்றும் இவர் இருப்பார். பக்கத்திலேயே வீட்டு எண். எனக்கு இந்த வீட்டு எண்தான் பொக்கிஷம். பெயர் தாளுக்குத் தாள் மாறும், விலாசம் அவ்வளவு மாறாது. மாறினாலும் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் கோத்துக்கொள்ளலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: திரு.வி.க. நகர், கொளத்தூர் தொகுதிகள் 2008 மறுவரையறையில் வந்தவை, அந்தப் பட்டியல்களில் கிடையாது. புரசைவாக்கம் என்ற பெயரில் அப்போது ஒரு தொகுதி இருந்தது. தெருவை வைத்துத்தான் பட்டியலின் எந்தப் பாகம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பிப்ரவரி 13

பிற்பாடு வியாசர்பாடியில் வாங்கிய வீட்டின் கிரயப் பத்திரம். இணையத்தில் வில்லங்கச் சான்று ஒரு குறிப்பிட்ட ஆண்டு முதல்தான் கிடைக்கிறது. அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனுப் போட வேண்டும். அங்கே பத்திரங்களைத் தேடுவதற்கான அட்டவணை இரண்டு வகை: முதலாவது ஆள் பெயரில், இரண்டாவது சொத்தின் பெயரில். எழுத்துக்கூட்டல் தகராறு இருக்கும்போது இரண்டாவதில் தேடச் சொல்லுங்கள்.

நகல் வந்ததும் முதலில் நான்கெல்லையைப் படிக்க வேண்டும். ‘வடக்கே இன்னார் வீடு, கிழக்கே சந்து’ என்று வரும். அந்த ‘இன்னார்’ பல சமயம் பங்காளியாகவோ சம்பந்தியாகவோ இருப்பார். ஒரு மில்லில் வேலை பார்த்தவர்கள் பக்கம் பக்கமாக மனை வாங்குவது இங்கே சகஜம்.

பிப்ரவரி 18

இறப்புப் பதிவு. மாநகராட்சி தரும் நகலில் சாவுக்கான காரணம் இருக்காது, சட்டமே தடுக்கிறது. தேதியும் விலாசமும் போதும். ஆண்டு தெரியாவிட்டால் மூலக்கொத்தளம், ஓட்டேரி மயானங்களில் எது வீட்டுக்குப் பக்கம் என்று பார்த்து அங்கே விசாரிக்கலாம். ராயபுரம், காசிமேட்டுக் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவேடுகள் இதைவிடப் பழையவை. கத்தோலிக்கக் கோயில்களில் பழைய ஏடுகள் லத்தீனில் இருக்கும்: ஜோசப்பை யோசேபுஸ் என்று தேட வேண்டும்.

பிப்ரவரி 20

எழும்பூர் ஆவணக் காப்பகம். 1921 மில் வேலைநிறுத்தம் பற்றிய அரசாணைகள் துறை வாரியாக, ஆண்டு வாரியாக. தனித் தொழிலாளி பெயர் கிடைப்பது அபூர்வம். ஆனால் அந்த வருடம் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. இவருடைய அப்பாவின் விலாசம் 1921க்கு முன்னும் பின்னும் வேறாக இருந்தால், அங்கிருந்து தேட வேண்டும். அடுத்த மனு அதற்குத்தான்.