கில்லெஸ்பி குறிப்புகள்

ஜூலை 8
மறுபடியும் அந்தக் கதவு நினைப்புதான். 1806-இல் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளம்பி வேலூர்க் கோட்டையை விடிவதற்குள் கைப்பற்றிய சிப்பாய்கள் வாசலை ஏன் கோட்டை விட்டார்கள்?

ஜூலை 9
எழுத ஓடவில்லை.

ஜூலை 10
இதே தேதி. கோட்டையின் ஆங்கிலேயத் தளபதி ஃபேன்கோர்ட் செத்தாயிற்று. ஆற்காட்டுக்குத் தகவல் போனதும் கர்னல் ரோலோ கில்லெஸ்பி 19ஆம் டிராகூன் குதிரைப்படையின் ஓர் அணியோடு சுமார் 25 கி.மீ. விரட்டி வந்தார். வந்து? குதிரையை வைத்துக்கொண்டு மதிலை என்ன செய்வது? அகழி, உள்ளே சாத்திய கதவு. வாசல் மேல்தளத்தில் ஆங்கிலேயரின் 69ஆம் படைப்பிரிவில் மிஞ்சியவர்கள், தோட்டா தீர்ந்து. கயிறு விட்டு அவரை மேலே இழுத்தார்கள். முனையில் கத்தி (பயனெட்) செருகிய வெறும் துப்பாக்கிகளோடு அவர்களை நடத்தி, பீரங்கி வரும்வரை வாசலைப் பிடித்துக்கொண்டார்.

அது 'கேலப்பர்' பீரங்கி, குதிரைப்படையோடு ஓடக்கூடிய இலேசு ரகம். பொறியாளர் படை அதிகாரி பிளாக்கிஸ்டன் அதை வைத்துக் கதவை உடைத்தார். டிராகூன் வாளுக்கு அதன் பிறகே வேலை. அரண்மனையில் ஒளிந்தவர்களில் சுமார் 100 பேரை இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். வீரம் பாடுகிறவர்கள் இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

ஜூலை 12
வெளிக்கதவுகள் திறந்தே கிடந்திருக்கின்றன. சிப்பாய்களில் பலர் சூறையில். காவலுக்கு ஆள் நிறுத்தச் சொல்ல ஒரு தலைவன் இல்லை. அவ்வளவுதான் விஷயம். எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 15
கில்லெஸ்பியின் அடுத்த கோட்டை: ஜாவா, 1811 ஆகஸ்ட் 26, மேஸ்டர் கோர்னெலிஸ். அங்கேயும் அரண், அங்கேயும் நடைதான். பேருக்குத்தான் குதிரைப்படைக்காரர். பிறகு ஜாவாவை ஆண்ட ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு சண்டை, அது கிடக்கட்டும்.

ஜூலை 19
1814 அக்டோபர் 31, டேராடூன் பக்கம் நாலாபானி கோட்டை, நேபாளத்தோடு போர். இப்போது மேஜர் ஜெனரல். உள்ளே நேபாளத் தளபதி பலபத்ர குன்வரின் கூர்க்காக்கள் சுமார் 600. நாலு பக்கமும் ஒரே நேரத்தில் ஏறுவதாகத் திட்டம். குறித்த நேரத்துக்கு முன்பே சைகைப் பீரங்கி முழங்கியது. தொலைவில், மேடுபள்ளத்தில் நின்ற பிரிவுகளுக்குக் கேட்கவில்லை. முதல் மோதல் முறிந்ததும், குதிரையிலிருந்து இறங்கிய 8ஆம் டிராகூன் வீரர் 100 பேரோடு தானே வாசலை நோக்கிப் போனார். நெஞ்சில் குண்டு, அங்கேயே முடிந்தார்.

வேலூரிலும் பீரங்கி வந்து சேருமுன்பே ஓடி வந்தவர்தான்.

ஜூலை 20
நாலாபானியில் ஊற்று கோட்டைக்கு வெளியே. நவம்பர் கடைசியில் அதை மறித்தார்கள்; 30ஆம் தேதி கோட்டை காலி. பலபத்ரரோடு சுமார் 70 பேர் தப்பினார்கள். முதல் நாளே தண்ணீரை மறித்திருந்தால் மதில் ஏற ஏணியே தேவைப்பட்டிருக்காது.