அபுதாபியிலேயே அமெரிக்கா

சென்னையிலிருந்து அபுதாபி, அங்கிருந்து நியூயார்க். இந்த வழியில் போனால் அமெரிக்க இமிக்ரேஷன் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடும். 2014 முதல் அமெரிக்க அதிகாரிகளே அங்கு கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் அனுமதித்துவிட்டால், நியூயார்க்கில் உள்ளூர் விமானத்தில் வந்தவரைப் போலப் பெட்டியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். மகள் தேடிப்பிடித்து இந்த டிக்கெட்டைப் போட்டதற்குக் காரணம் நான்தான்.

போன தடவை நான் செய்த கூத்து அப்படி. பேத்தி பிறந்து நாற்பது நாள். வேறொரு விமான நிலையத்தில், தூக்கமில்லாத கண்களோடு வரிசையில் நின்றோம். “எதற்காக வந்திருக்கிறீர்கள்?” என்றார் அதிகாரி. நான் பெருமையாக, “மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அவள் வேலைக்குத் திரும்பப் போகிறாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறோம்” என்றேன்.

நம் ஊரில் இதைவிட நியாயமான பதில் உண்டா? ஆனால் விசிட்டர் விசாவில் போகிறவர் அங்கே வேலை பார்க்கக்கூடாது. ‘பார்த்துக்கொள்ள’ என்றதும் அவர் காதில் ஆயா வேலை என்று விழுந்திருக்கிறது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு தனி அறைக்கு அனுப்பிவிட்டார்கள். செல்போனைத் தொடக்கூடாது. வெளியே காத்திருந்த மகளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து இன்னொருவர் வந்து, “உங்கள் மகள் சம்பளம் தருகிறாரா?” என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அப்புறம் என் மனைவிதான் வாயைத் திறந்தாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “பேத்தியைப் பார்க்க வந்தோம். மூன்று மாதம். இதோ ரிட்டர்ன் டிக்கெட்” என்றாள். பத்து நிமிடத்தில் விட்டுவிட்டார்கள்.

ஆகவே இந்தத் தடவை ஃபைல் அவள் கையில். ரிட்டர்ன் டிக்கெட், மகள் வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் தாளில். (செல்போனில் இருக்கிறது என்று நான் சொன்னது எடுபடவில்லை.) எனக்கு ஒரே உத்தரவு: “ஏங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. தலையை ஆட்டாதீங்க.” தலையாட்டல் விஷயம் உண்மைதான். நாம் ‘சரி’ என்று பக்கவாட்டில் ஆட்டுவது அவர்களுக்கு ‘இல்லை’ போலத் தெரிகிறது. கேள்வி புரியவில்லையென்றால் புரியவில்லை என்று சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். புரியாமல் ‘யெஸ், யெஸ்’ என்பதுதான் ஆபத்து.

அபுதாபி கவுண்டரில், சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டார்கள். முறுக்கு, பருப்புப்பொடி, ஊறுகாய் என்று அவள் வரிசையாகச் சொன்னாள். சொல்லிவிட்டால், ஆகாத பொருளை எடுத்துப் போடுவார்கள், அவ்வளவுதான். மறைத்து மாட்டினால் அபராதம். மச்சினி ஆசையாகக் கட்டிக்கொடுத்த கறிவேப்பிலையை வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டோம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்பதால் பச்சைக் கறிவேப்பிலைக்கு அங்கே தடை.

இன்னொன்று. விசா பத்து வருடத்துக்கு இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதைக் கவுண்டரில் இருக்கும் அதிகாரிதான் முடிவு செய்கிறார். பெரும்பாலும் ஆறு மாதம் கொடுப்பார்கள். ஐ-94 என்ற பதிவில் அந்தத் தேதி இருக்கும். போய் இறங்கியதும் இணையத்தில் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது.

கடைசியில் அதிகாரி என் பக்கம் திரும்பினார். “நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?”

“ரிட்டயர்ட்” என்றேன்.

எந்த வங்கி, எத்தனை கிளைகள், எந்த வருடம் மேனேஜர் ஆனேன் என்பதெல்லாம் தொண்டை வரை வந்துவிட்டது. கவுண்டருக்குக் கீழே மனைவியின் செருப்பு என் காலை மிதித்துக்கொண்டிருந்தது.