ஹெல்மெட்டுக்குள் ஒரு பீப்

4,000 மீட்டர் உயரத்தில் விமானக் கதவு திறக்கும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு படபடக்கும். குதித்த பிறகு, பாராசூட் விரியும்வரை ஏறக்குறைய ஒரு நிமிடம், மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகம். அந்த ஒரு நிமிடம் போவதே தெரியாது. ஆபத்தும் அங்கேதான்.

ஒருமுறை நான்கு பேர் கைகோத்து வட்டம் போட்டோம். பிடி நழுவக் கூடாது என்பதிலேயே குறியாக இருந்த நான், மணிக்கட்டில் இருந்த உயரமானியைப் பார்க்கவே இல்லை. திடீரென்று ஹெல்மெட்டுக்குள் இருந்த ஒலி எழுப்பும் உயரமானி காதருகே பீப், பீப். பிரிய வேண்டிய உயரம்! சட்டென்று விலகிப் போய் பாராசூட்டை விரித்தேன். அன்றிலிருந்து அந்தக் கருவி இல்லாமல் நான் குதித்ததே இல்லை.

ஆனால் என் மனதுக்கு மிக நெருக்கமானது முதுகுப் பைக்குள் இருக்கும் சைப்ரஸ் (CYPRES) என்ற தானியங்கிக் கருவி. ஜெர்மனியில் உருவாகி 1991-இல் விற்பனைக்கு வந்தது. காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். நான் பயன்படுத்தும் வகையில், சுமார் 225 மீட்டர் உயரத்திலும் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வ் எனும் அவசரகாலப் பாராசூட்டை மூடியிருக்கும் கயிற்று வளையத்தை ஒரு சின்ன பிளேடு அறுத்து, அது விரிய வழிசெய்துவிடும். அந்த வெட்டும் பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சுண்டுவிரல் அளவுகூட இல்லை, குறுக்கே ஒரு துளை, அதற்குள் கயிறு. நினைவிழந்து விழுபவருக்கும் அது வேலை செய்யும்.

அப்புறம், கீழிருந்து மேலே வீசும் பலத்த காற்றில் மிதந்து பழகும் காற்றுச் சுரங்கப் பயிற்சி. அங்கே பத்து நிமிடம் பறந்தால் பத்து முறை குதித்த பழக்கம் உடம்புக்கு வந்துவிடுகிறது. என் முழங்கால் நடுக்கம் நின்றது அங்கேதான்.