வாட் இன்ஜின் மாடல்: பேரலல் மோஷன் ஒருவழியாகப் படிந்தது

நான் செய்துகொண்டிருக்கும் ஜேம்ஸ் வாட் நீராவி இன்ஜின் மாடலில், பிஸ்டன் ராடு மேலிருந்து கீழ்வரை 40 மி.மீ. ஓடியும், பக்கவாட்டு விலகலைக் காட்டும் டயல் கேஜின் முள் 0.03 மி.மீ.ஐத் தாண்டவில்லை. பேரலல் மோஷன் என்பது, தராசுக்கோல் போல மேலே வளைவில் ஆடும் பீமோடு பிஸ்டன் ராடை இணைத்து, ராடை நேர்கோட்டிலேயே ஓடவைக்கும் லிங்குகளின் (இணைப்புத் துண்டுகளின்) அமைப்பு. போன மாதம் இதே இடத்தில் கால் மில்லிமீட்டர் சாய்வு இருந்தது. ராடைச் சுற்றி நீராவி கசியாமல் அடைக்கும் கிளாண்டில் சுற்றிய கிராஃபைட் கயிறு ஒரு பக்கமாகவே தேய்ந்துகொண்டிருந்தது. அதனால் இன்று கொஞ்சம் பீற்றிக்கொள்ளப் போகிறேன்.

ராடின் தலையில் ஒரு கிராஸ்ஹெட்டும் (குறுக்குத் துண்டு) அது வழுக்கி ஓட இரண்டு நேரான கைடும் போட்டு ஒரே நாளில் முடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்படிச் செய்தால் அது வாட் இன்ஜினே இல்லை. 1712இல் வந்த நியூகோமன் இன்ஜினில் பிஸ்டன் பீமைக் கீழே இழுத்தால் போதும், சங்கிலியே தாங்கியது. வாட் 1782இல் டபுள் ஆக்டிங்குக்கு (பிஸ்டனை நீராவி இரு பக்கமும் தள்ளுவது) காப்புரிமை எடுத்ததும் பிஸ்டன் மேலேயும் தள்ள வேண்டியதாயிற்று. சங்கிலியை வைத்துத் தள்ள முடியுமா? முதலில் பல்சட்டமும் பல்வளைவும் வைத்துச் சமாளித்தார், அப்புறம் 1784இல் இந்த லிங்குகளுக்கு வந்தார். கைடு போடலாம் என்றால், இரும்பில் நீளமான சமதளம் எடுக்க உளியும் அரமும்தான் கையில். ரிச்சர்ட் ராபர்ட்ஸின் பிளேனிங் மெஷின் 1817இல்தான் வருகிறது. வட்டமாகக் குடைய மட்டும் ஜான் வில்கின்சன் இருந்தார். அவர் குடைந்த 50 அங்குல சிலிண்டரில் எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங்கின் தடிமன் அளவுகூடப் பிசகில்லை என்று 1776இல் வாட்டின் தொழில் கூட்டாளி போல்டன் எழுதியிருக்கிறார். தன் இயந்திர வேலைகளிலேயே அதிகம் பெருமைப்படுவது பேரலல் மோஷனைப் பற்றித்தான் என்று வாட் முதிய வயதில் மகனிடம் சொன்னாராம். நீராவியைச் சிலிண்டருக்கு வெளியே குளிர்விக்கும் தனிக் கண்டன்சரைக் கண்டுபிடித்தவர் இப்படிச் சொல்கிறாரே என்று முன்பு நினைத்ததுண்டு. இந்த லிங்குகளைத் துளைத்த பிறகு நினைப்பதில்லை.

என் அளவுகள்: பீமின் ஒரு பாதி 100 மி.மீ., அதன் நடுவில் ஒரு தொங்கும் லிங்க், நுனியில் இன்னொன்று; நுனி லிங்கின் கீழ்முனையில்தான் பிஸ்டன் ராடு. இரண்டு லிங்குகளின் கீழ்முனைகளையும் இணைக்கும் பேரலல் ராடும், நடு லிங்கின் கீழ்முனையை நிலையான மூட்டோடு பிணைக்கும் ரேடியஸ் ராடும் 50 மி.மீ., தொங்கும் லிங்குகள் 24. பீமின் நுனி தன் வளைவில் 2 மி.மீ. உள்ளே போகும், லிங்க் போட்டால் கணக்குப்படி 0.02க்குள் அடங்கிவிடும். இந்த விகிதத்தில் ரேடியஸ் ராடின் நிலையான மூட்டு பிஸ்டன் ராடின் கோட்டிலேயே வந்து விழுகிறது. அதனால் ராடின் இருபுறமும் ஜோடி ஜோடியாகத்தான் எல்லாம். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் குறுக்கு பின் (ஆணி) முறுக்கிக்கொண்டு அசையாது.

நல்ல வேளையாக இருப்பது இரண்டே நீளங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு துண்டு. நான்கையும் ஈயம் பூசி, சூடாக்கி ஒரே கட்டாக ஒட்டி, சேர்த்தே துளைத்தேன். 2.9 டிரில், பிறகு துளையைச் சரியான அளவுக்குச் சீவும் 3 மி.மீ. ரீமர். முதல் துளையில் சில்வர் ஸ்டீல் (துல்லியமான எஃகுக் கம்பி) பின்னைச் செருகிவிட்டு, மில்லிங் டேபிளை எப்போதும் ஒரே திசையிலிருந்து கொண்டுவந்து இரண்டாவது துளை. பேக்லாஷ் (திருகில் தளர்வு) இருக்கிற மெஷினில் வேறு வழியில்லை. இரும்பில் ஓடிய ரீமரைப் பித்தளைக்கு எடுக்காதீர்கள், வெட்டாமல் வழுக்கும். பித்தளைக்கென்று ஒன்று தனியாக வைத்திருக்கிறேன், வீட்டில் யாரும் தொடக்கூடாது.

லிங்குகள் இவ்வளவு சுத்தமாக இருந்தும் சாய்வு போகவில்லை. காரணம், நிலையான மூட்டைத் தாங்கும் பிராக்கெட். 'நேர் தகடு' என்று சொல்லி விற்ற பித்தளை, கீற்றாக வெட்டியதும் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது. கடைக்காரரிடம் காட்டினால், தட்டி நிமிர்த்திக்கொள்ளுங்கள் சார் என்கிறார். தட்டிய தகடு மறுபடி வளையாது என்று யார் உத்தரவாதம்? மூட்டு பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தால் பெரிய பாதிப்பில்லை. உயரத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினால், பிஸ்டன் ராடு முழு ஓட்டத்தில் 0.2 சாய்கிறது. எனக்கு அரைக்கும் மேலேயே இறங்கியிருந்தது. கடைசியில் பிராக்கெட்டைத் தடித்த தகட்டில் புதிதாகச் செய்து, இரு பக்கமும் எக்சென்ட்ரிக் புஷ் (துளை நடுவிலிருந்து விலகியிருக்கும் வளையம்) போட்டேன். கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்), 0.4 மி.மீ. ஆஃப்செட். சின்ன ஸ்பேனரால் இரண்டையும் மாற்றி மாற்றித் திருப்பி, டயலைப் பார்த்துக்கொண்டே பூட்டினேன். புஷ்ஷை ஒரு மயிரிழை திருப்பினாலும் முள் பதில் சொல்கிறது. அந்த விளையாட்டிலேயே ஒரு மாலை போய்விட்டது.

வால்வ் பெட்டி இன்னும் தொடவே இல்லை. தொடாமலேயே மனசு, ஒரு பல்சக்கரம் இன்னொன்றைச் சுற்றிவந்து ஃப்ளைவீலைச் சுழற்றும் சன்-அண்ட்-பிளானட் கியருக்குத் தாவிவிட்டது. ஜேம்ஸ் பிக்கார்டின் 1780 கிராங்க் காப்புரிமையைச் சுற்றிப்போக வாட் 1781இல் போட்ட ஏற்பாடு அது. யோசனை வாட்டிடம் வேலை பார்த்த முர்டாக்குடையது என்பார்கள். இரண்டு சக்கரத்துக்கும் சமமான பல் வைத்தால், பீம் ஒரு முறை ஏறி இறங்குவதற்குள் ஃப்ளைவீல் இரண்டு சுற்று சுற்றும். என் ஓட்டம் 40 என்பதால் கியர் மையங்களுக்கிடையே 20 வேண்டும், ஆக மாட்யூல் (பல்லின் அளவு) 1இல் 20 பல் கியர் இரண்டு. 17 முதல் 20 பல் வரை வெட்டும் 3ஆம் எண் கட்டர் போதும். தனியாக ஒன்று கேட்டால் கடையில் எட்டு கட்டர் செட்டையே தலையில் கட்டப் பார்க்கிறார்கள். பழைய 3ஆம் எண் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், பதிலுக்கு 3 மி.மீ. சில்வர் ஸ்டீல் தருகிறேன், நிறைய மீந்திருக்கிறது.