பலகைக்கு முன்னால் கால்தான் கைவிட்டது

நேற்று இரவுதான் வீடு திரும்பினோம். கூடாரம் இன்னும் ஈரத்தோடு மாடியில் காய்கிறது. அந்த மடக்கு மேசை மீது இருக்கிற கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான்கு பேர், மூன்று நாள், ஆற்றோர மணலில் கூடாரம். வாங்கிய அன்று கடைத் தரையில் மேசை ஆடாமல் அசையாமல் நின்றது. முப்பது கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. மணலில் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஒரு கால் மெல்ல இறங்கிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அந்த ஓரத்தில் வைத்ததும் கால் இன்னும் நான்கு விரல் ஆழம் புதைந்தது, மேசை சரிந்தது, இரண்டு மணி நேரம் சமைத்ததெல்லாம் மணலோடு போயிற்று. சூடான பாத்திரம் நண்பனின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

அட்டையில் போட்டிருக்கும் எடைக் கணக்கு, சமதரையில், பலகை முழுக்கப் பரவலாக வைத்த சுமைக்குத்தான் பொருந்தும். ஓரத்தில் ஒரே இடத்தில் கனத்தை வைத்தால் அந்தக் கணக்கு செல்லாது. அதிலும் எங்கள் மேசையின் கால் விரல் பருமன் குழாய். அத்தனை கனமும் அந்தச் சின்ன முனையில் இறங்கினால் மணல் என்ன செய்யும்? மறுநாள் உள்ளங்கை அகலத்தில் தட்டைக் கற்கள் நான்கு தேடி ஒவ்வொரு காலுக்கும் அடியில் வைத்தோம். அப்புறம் அசையவே இல்லை.

பக்கத்துக் கூடாரத்தில் ஒரு பெரியவர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் மேசையைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. அலுமினியச் சட்டங்களை எலாஸ்டிக் கயிற்றில் கோத்து, பாய் மாதிரி சுருட்டி வைக்கிற வகை. "மேலே என்ன பார்க்குறீங்க தம்பி, காலைப் பாருங்க" என்றார். நான்கு காலையும் தனித்தனியாக நீட்டலாம், குறைக்கலாம். அடியில் அகலமான ரப்பர் பாதம். மேடு பள்ளத்தில் வைத்து, ஒரு காலை மட்டும் இரண்டு விரல் நீட்டிப் பூட்டினார். டம்ளரில் தண்ணீர் தளும்பவே இல்லை! மழை பெய்தால் சட்ட இடுக்கு வழியே நீர் வடிந்துவிடும். சின்ன டம்ளர் மட்டும் அந்த இடுக்கில் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் அதில் போட்ட இரும்புத் திருகு பிடிக்கும். வாங்கும்போது அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விலை கேட்டேன். எங்கள் மேசையைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

எங்களுடையது மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை. இரண்டே இரவுப் பனியில் ஓரம் ஊறிய பிஸ்கட் மாதிரி உப்பி, மேலே ஒட்டிய தாள் நகத்தால் கிள்ளினால் உரிந்து வந்தது. விலை குறைவு என்று இதை வாங்காதீர்கள். காசு வீண். கெட்டிப் பிளாஸ்டிக் மேசை தண்ணீருக்கு அஞ்சாது, ஆனால் நாலடி நீளத்துக்கே ஒன்பது பத்து கிலோ வரும். வண்டி பக்கத்திலேயே நிற்கும் என்றால் சரி, தோளில் தூக்கி நடக்க ஆகாது. கொதிக்கும் பாத்திரத்தையும் அதன்மேல் நேரடியாக வைக்கக் கூடாது. இந்த மேசைகளுக்குப் போடும் எச்.டி.பி.இ என்ற பிளாஸ்டிக் சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்.

உயரத்தைச் சொல்ல மறந்தே போனேன். சாதாரண நாற்காலிக்கு 70 செ.மீ. வேண்டும், தாழ்வான முகாம் நாற்காலிக்கு 40 செ.மீ. போதும். நாங்கள் கொண்டுபோனது தாழ்வான நாற்காலிகள், மேசை மட்டும் உயரம். மூன்று நாளும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம். முதலில் நாற்காலியை முடிவு செய்துவிட்டு அப்புறம் மேசைக்குப் போங்கள்.

பெரியவர் வைத்திருந்த வகையைத்தான் வாங்கப்போகிறேன். ஆனால் இந்த மாதம் பெட்ரோலுக்கே கை கடித்துவிட்டது, அடுத்த சம்பளம் வரட்டும். அதுவரை பழைய பிளைவுட் துண்டில் நான்கு வட்டம் அறுத்து, நடுவில் காலுக்குக் குழி குடைந்து வைத்திருக்கிறேன். பெயின்ட் காய வேண்டியதுதான் பாக்கி.